கேட்கப்படாத வீடு

மூன்றாவது வருஷமாக ஊர்வலம் எல்டாவின் வீட்டைத் தாண்டிப் போனது. ஏன் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

முதல் வருஷம் நல்ல மழை. வீட்டுக்கு வரும் பாதையெல்லாம் சேறு, குதிரை வழுக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறு வருஷம் சரளை கொட்டி வைத்தாள். அப்போதும் யாரும் திரும்பவில்லை. நாய்க்குப் பயந்துதானோ என்று இந்த வருஷம் நாயைத் தங்கை வீட்டில் விட்டாள். கொழுத்த சேவலொன்றைக் கூடையால் மூடி வைத்துவிட்டுக் காலையிலிருந்து வாசலில் நின்றாள். அவள் கணவன் வில்டனும் தலைவாரிக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்து காத்திருந்தான். எண்ணெய்க் கிணற்றில் இரும்புக் குழாய் சரிந்து அவன் கால்கள் செயலிழந்து மூன்று வருஷம் முடிந்திருந்தது.

குதிரைகள் பெரிய சாலையில் நேராகப் போயின. பின்னால் டிராக்டர் இழுத்த வண்டியில் பிடில் வாசித்தபடி மற்றவர்களும் போனார்கள்.

அமெரிக்காவின் லூசியானா மாநில நெல்வயல் ஊர்களில் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் இந்த ஊர்வலம் கிளம்பும். மறுநாளிலிருந்து நாற்பது நாள் நோன்பு. அதற்குள் இறைச்சியும் கொழுப்பும் தீர்ந்தாக வேண்டும். ஒரு வீட்டில் கோழி மிஞ்சியிருக்கும், இன்னொரு வீட்டில் ஒன்றும் இருக்காது. ஆகவே வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்பார்கள். ஊர்வலத்தை நடத்தும் கேப்டன் முதலில் வெள்ளைக் கொடியோடு தனியாகப் போய் அனுமதி கேட்பான்; வீட்டுக்காரர் சம்மதித்து அவன் கொடியை இறக்கினால்தான் மற்றவர்கள் உள்ளே வரலாம். கந்தல் சட்டை பிச்சைக்காரனுடையது. கூம்புத் தொப்பி பழைய காலத்துச் சீமாட்டிகளைக் கேலி செய்ய. கம்பிவலை முகமூடி, கேட்கிறவன் யாரென்று தெரியாமலிருக்க. நிலக்காரனும் கூலிக்காரனும் முகமில்லாமல் ஒரே மண்ணில் மண்டியிடுவார்கள், வீட்டுக்காரர் வீசும் கோழியைத் துரத்திப் பிடிப்பார்கள். வாங்கியதெல்லாம் சாயங்காலம் ஒரே அண்டாவில் கம்போ குழம்பாகக் கொதிக்கும், ஊரே சோற்றில் ஊற்றிச் சாப்பிடும்.

எல்டா வேனை எடுத்துக்கொண்டு வயலோரக் குறுக்குவழியாகப் பாய்ந்து, ஊர்வலத்துக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினாள். முகமூடி இல்லாத ஒரே ஆள் கேப்டன் ஹார்லன், வில்டனின் சித்தப்பா மகன்.

"வழிய விடுங்க அண்ணி. குதிரை மிரளுது."

"மிரளட்டும். மூணு வருஷமா என் வீடு உன் கண்ணுக்குத் தெரியலையா, கேப்டன் துரை?"

வண்டியிலிருந்து ஒருவன் குரலை மாற்றிக் கீச்சிட்டான். "அம்மா தாயே, ஒரு குட்டிக் கோழி!"

"வாய மூடு பொலித். முகமூடி போட்டா தொந்தி மறைஞ்சிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்டா சிரிக்கவில்லை.

ஹார்லன் இறங்கிவந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணனுக்கு இப்படி ஆயிடுச்சு. உங்க ஒருத்தர் சம்பளத்துலதான் வீடு ஓடுது. அங்க வந்து கோழி கேட்டா நல்லாவா இருக்கும்? எல்லாரும் பேசித்தான் முடிவு பண்ணோம். கம்போ மட்டும் வருஷா வருஷம் வாளியில அனுப்புறோம்ல?"

அந்த வாளியை அன்பு என்று நினைத்திருந்தாள் எல்டா. வில்டன் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. அவனுக்கு அப்போதே புரிந்திருக்கிறது. அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"என் வீட்டப் பத்தி, என்னைக் கேக்காம முடிவு பண்ணீங்களா? அறுநூறு ஏக்கர் வச்சிருக்கிற நீ கந்தலைக் கட்டிக்கிட்டுப் பிச்சை எடுத்தா அது விளையாட்டு. எங்களை நிஜப் பிச்சைக்காரங்களா ஆக்கிட்டீங்களேடா! என் கோழி அந்த அண்டாவுல வெந்தா, வர்ற குழம்பு என் பங்கு. வேகலேன்னா அது தர்மம். இது தெரியாம நீயெல்லாம் என்ன கேப்டன்?"

"தப்புதான் அண்ணி. சேவலைக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

"நடுரோட்டுலயா? கொடியப் புடிச்சிக்கிட்டு முறையா வா. உள்ள வரலாமான்னு உங்க அண்ணன்கிட்ட கேளு. அவரு வேணாம்னா திரும்பிப் போ."

"இன்னும் ரெண்டு வீடு பாக்கி, பொழுது சாயுது..."

"அப்ப இந்த வேன் இங்கயேதான் நிக்கும்."

ஊர்வலம் எல்டாவின் வீட்டுக்குத் திரும்பியது. மற்றவர்களைப் பாதையில் நிறுத்திவிட்டு ஹார்லன் வெள்ளைக் கொடியோடு தனியாக வாசலுக்குப் போனான். "ஊர்வலம் வந்திருக்கு. உள்ள வரலாமா?"

வில்டன் நாற்காலியை முன்னால் உருட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு, "மூணு வருஷமா வழி மறந்துபோச்சாடா, படுபாவி?" என்றான். "வரச் சொல்லு."

கொடி இறங்கியதும் முப்பது பேர் ஓடிவந்து மண்ணில் மண்டியிட்டார்கள். எல்டா கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்த சேவலை வில்டன் உயரே வீசினான். அதைத் துரத்திய பொலித் வாய்க்காலில் விழுந்தான். சேவல் பிடிபட்டது.

சாயங்காலம் ஊர்க்கூடத்தில் வில்டன் இரண்டு கிண்ணம் கம்போ சாப்பிட்டான். எல்டாவின் கோபம் மட்டும் அடங்கவில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் மூடிவைத்த இரண்டு வாளிகளை அவள் பார்த்துவிட்டாள்.

"இது யாருக்கு?"

"நெல் ஆலையில வேலை போன ரெண்டு குடும்பத்துக்கு," என்றான் ஹார்லன்.

"அங்க போயிக் கேட்டீங்களா?"

"இல்ல அண்ணி."

"பேனாவ எடு," என்றாள். அவள் சொல்லச் சொல்ல, ஊர்வலம் போகும் வழியைக் குறித்திருந்த தாளிலேயே ஹார்லன் எழுதினான்: அண்டாவிலிருந்து எந்த வீட்டுக்குக் கம்போ போகிறதோ, அந்த வீட்டு வாசலில் முதலில் கொடி பிடித்துக் கேட்க வேண்டும். கோழி இல்லாவிட்டால் ஒரு வெங்காயம் போதும்.