படகில் ஆள் இல்லை

செய்கு அலாவுதீன் நாற்காலியில் ஏறிப் படச்சட்டத்தில் கை வைத்துவிட்டார். கூடப்பிறந்த காக்கா கௌஸ் முகம்மதுவின் மையித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கேயே குளிப்பாட்டிக் கபன் துணியும் சுற்றியாயிற்று. கடைசியாக முகம் பார்க்க இந்தக் கூடத்தில்தான் வைப்பார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஊருக்குக் கொண்டுபோகாமல் இங்கே புஜைராவிலேயே அடக்கம்.

“உருவம் இருக்குற எடத்துக்கு மலக்கு வரமாட்டாங்க மச்சி. எறக்கிடுறேன்.”

அண்ணன் மனைவி சித்தி மரியம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? வானவர்கள் வரமாட்டார்கள் என்று இதே வார்த்தையைச் சொல்லித்தானே இத்தனை வருஷமும் புருஷன் உயிரை வாங்கினாள்!

நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் ஏற்றிவிடுகிற வியாபாரம் கௌஸ் முகம்மதுவுக்கு. பழக்கமான ஒரு டச்சு கேப்டன் கொடுத்த படம் அது. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தது, நூறு வருஷத்துக்கும் பழையது. ராத்திரி நேரத்துத் துறைமுகம். பாய் சுருட்டிய கப்பல்கள், அசையாத தண்ணீர், ஓரத்தில் ஒரு படகு. பகலெல்லாம் துறைமுகக் கூச்சலில் காது அடைத்துப்போய் வருகிற மனிதர், சாயாவும் கையுமாக அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் படகில் அரிசி அளவுக்கு ஒரு ஆள் குந்தியிருப்பதை மரியம் முதல் நாளே கண்டுவிட்டாள். “அது கயித்துச் சுருள்டி, கண்ணக் கழுவிட்டுப் பாரு” என்பார் அவர். பூதக்கண்ணாடிகூட வாங்கி வந்தார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வக்துத் தொழுகைகூட இந்தக் கூடத்தில் தொழுததில்லை.

சட்டம் ஆணியிலிருந்து பாதி கழன்றது. பின்னால் சுவர் வெளிறித் தெரிந்தது. புருஷன் வந்து படுக்கும்போது அந்த இடம் வெறிச்சென்று கிடக்க மரியத்துக்கு மனம் ஒப்பவில்லை.

“எறக்காதீங்க தம்பி.”

“என்ன மச்சி சொல்றீங்க?”

“அதுல ஆளே இல்ல. படகுல கெடக்குறது கயித்துச் சுருள்.”

மூலையில் ஓதிக்கொண்டிருந்த மகள் ஸஹ்ரா நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள். மறுபடி குனிந்து ஓதத் தொடங்கினாள்.

செய்கு அலாவுதீன் லேசில் விடுகிற ஆள் இல்லை. பால்பவுடர் டப்பாவில் சிரிக்கும் குழந்தையின் முகத்தைக்கூட மையால் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோவார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை ஒட்டிக் குனிந்தார். அவருடைய விரல் கப்பல்களைக் கடந்து, படகுக்கு வந்து, அந்த ஆள் குந்தியிருந்த இடத்திலேயே போய் நின்றது. அங்கிருந்து நகரவில்லை. அவர் தோள் குலுங்கியது.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“ஆமா மச்சி” என்றார் திரும்பாமலே. “கயிறுதான்.”

சட்டத்தை ஆணியில் மாட்டி நேராக்கினார். இறங்கி, மையித்தைச் சுமந்து வரும் சந்தூக்குப் பெட்டி உள்ளே வர வசதியாக நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டார்.