இருபத்தெட்டு நாள் தண்ணீர்

ஸாதியா நீலப் பீப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். தண்ணீரைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மௌத்தாகி, வீடே சாவு வீடாகியிருக்க, மகள் கிணற்றடியில் எதைத் தேடுகிறாள் என்று பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. அழுவதா, தேடுவதா என்று அவளுக்கே விளங்கவில்லை.

வாவிக்கரையில் வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று தன் செலவில் கட்டும் பள்ளிக்கூடத்தைத் தரம் பார்க்கிற வேலை வாப்பா முனாஸுக்கு. போன மாதம் நான்கு கொங்கிறீட் கட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"சோதிக்கிறதுக்கு எண்டு கட்டுற கம்பனி தாற கட்டியெல்லாம் பாஸாகுது மகள். தூண ஆணியால சுரண்டினா மண்ணாக் கொட்டுது. அதான் தூணுக்குப் போட்ட கலவையிலயே நான் கட்டி வார்த்தன். இருபத்தெட்டு நாள் தண்ணிக்குள்ள கிடக்கோணும். பொறகு கொழும்புல ஒடச்சிப் பாத்தா உண்ம தெரிஞ்சிரும். இல்லாட்டி அதுக்கு மேல மாடியும் கட்டிப் புள்ளையள ஏத்திருவானுகள். ஆருக்கும் சொல்லிராத."

இன்று இருபத்தாறாவது நாள்.

"சாச்சா, பீப்பாக்குள்ள கிடந்த கட்டி எங்க?"

வாப்பாவின் தம்பி நஸீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மையித்துக் குளிப்பாட்டுற வாங்குப் பலகை மணலுக்குள்ள பொதையுது புள்ள. நாந்தான் நாலு காலுக்கும் எடுத்து வெச்சன்."

சாவு வீட்டில் கைக்கு எட்டியதெல்லாம் பொதுச் சொத்து. யாரைக் கோபிக்க?

குசினி வாசலில் நின்று பார்த்தாள். குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றிக் கட்டிய திரைச்சீலைக்குக் கீழே வாங்கின் கால்கள் கட்டிகளின் மேல் நின்றன. வாப்பாவைக் கழுவிய தண்ணீர் கட்டிகளின் மேல் வழிந்துகொண்டிருந்தது. கட்டி காயவில்லை என்று நிம்மதி வந்தது. இந்த நேரத்தில் அப்படி ஒரு நிம்மதியா என்று வெட்கமாகவும் இருந்தது.

"தங்கச்சி."

கம்பனி எஞ்சினியர் சிவதர்ஷன். துக்கம் கேட்க வந்தவரின் கண்ணும் திரைக்குக் கீழேதான் நின்றது. கட்டியில் சிவப்பு மையால் அதை வார்த்த தேதி.

"அது முனாஸ் சேர்ட எழுத்துத்தானே?"

வாப்பாவோடு தினமும் ஒன்றாக இருந்து சோறு தின்றவர் இவர். அந்தத் தூண்கள் சரியென்று கையெழுத்து வைத்தவரும் இவர்தான். எந்தச் சிவதர்ஷன் இப்போது வந்திருக்கிறார்?

"எனக்குத் தெரியா."

அவர் விரல் மடித்து ஏதோ எண்ணினார். "ரெண்டு நாள் பொறுத்து வாறன்," என்று சொல்லிவிட்டு ஆண்களோடு போய் நின்றார்.

எதற்கு வருகிறார்? கொழும்புக்குக் கொண்டுபோகவா, வாவிக்குள் எறியவா?

நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் ஜனாஸாவைத் தூக்கினார்கள். கலிமா சொல்லும் குரல்கள் தெருமுனை தாண்டின. உள்ளே பெண்கள் கதறினார்கள். ஸாதியா வாங்கைச் சரித்து, கட்டிகளை மணலிலிருந்து கிண்டி எடுத்து, ஒவ்வொன்றாகப் பீப்பாய்க்குள் இறக்கினாள். சின்னச் சின்னக் குமிழ்கள் மேலே வந்தன. அவை அடங்கும்வரை பார்த்திருந்தாள்.

பிறகு மூடியைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அங்க என்ன புள்ள செய்யிற?" உள்ளேயிருந்து உம்மா கேட்டாள்.

"வாறன் உம்மா."

அவள் எழும்பவில்லை.