பிடிக்காத கம்பி

தலையணையை விலக்கி, அப்பாவின் பின்மண்டையை விரல் விரலாகத் தடவிப் பார்த்தான் அண்ணன். வீக்கமில்லை. முழங்கையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல்கூட அகப்படவில்லை.

"எங்க விழுந்தார்?" என்றான்.

காலையிலிருந்து உள்ளே வந்த எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். எதிர்வீட்டு டெய்லரம்மா செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள். விழுந்தார் என்றால், நடக்க விட்ட மகள்தான் தள்ளிவிட்டவள் என்றாகிவிடும். அண்ணன் அதை எப்போதோ சொல்லி வைத்திருந்தான்.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் ஒரு கையில் டிக்கெட்டும் மறு கையில் சில்லறையுமாக, கம்பியைத் தொடாமலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறகு ஏதோ காய்ச்சலுக்குப் போட்ட ஊசிமருந்து, உடம்பை நிலைதவறாமல் நிறுத்தும் உள்காதைத் தின்றுவிட்டது. ஓடாத வீட்டில் நிற்க முடியாமல் தள்ளாடினார். அண்ணன் நடைவழி நெடுக ஸ்டீல் கம்பி அடித்துக் கொடுத்து, இனிமேல் படுத்தே இருக்கட்டும், இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது என்று முடித்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்குப் பயம் வந்தால் கை ஸ்க்ரூவைத் தேடும்.

மகள்தான் தெரபிஸ்ட் பெண்ணைக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் பூசி மெழுகவில்லை.

"காது போனது போனதுதாங்கய்யா. அத என்னால திருப்பித் தர முடியாது. கண்ணையும் காலையும் பழக்கிட்டா, அதோட வேலைய இதுங்க ஓரளவு பாத்துக்கும். இருட்டுல மட்டும் கம்பியப் பிடிச்சுக்குங்க."

"கண்டக்டரே கம்பியப் பிடிச்சா, ஏறினவன் என்னம்மா நெனப்பான்?" என்றார் அப்பா.

பயிற்சிக்காகச் சுவரில் ஒட்டிய எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையைத் திருப்பினார். மெத்தைத் துண்டின் மேல் நின்றார். குமட்டியது, வாய்க்கு வந்தபடி திட்டினார், மறுநாள் மறுபடி நின்றார். மகள் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, "ரைட்" என்றால் புறப்பாடு, "ஹோல்டான்" என்றால் நிறுத்தம். கரண்ட் போன குளியலறையில் ஒருதரம் வாளியைக் கட்டிக்கொண்டு "ஹோல்டான்" என்று அலறியவரும் அவர்தான். இருட்டு கடைசி வரை அவருக்கு வசப்படவில்லை. ஆனால் வெளிச்சத்தில் பெல்ட் தளர்ந்தது, பிறகு தேவைப்படவேயில்லை. அடுப்படியிலிருந்து முதன்முதலாக இரண்டு கையிலும் டீயோடு வந்த அன்று, நடைவழியின் கோடியில் நின்று டிக்கெட் கேட்பது போல் அவளைப் பார்த்தார்.

"விழலண்ணா," என்றாள் இப்போது. "ரெண்டு கையிலயும் டீயோட வந்தார். மேஜைல வச்சார். நாற்காலிய இழுத்து உட்கார்ந்தார். 'ஹோல்டான்'னார். வெளையாடறார்னு நெனச்சு நான் சிரிச்சுட்டேன்."

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதை மெதுவாகச் சேர்த்தாள். அதைத் தடுக்க அந்தப் பயிற்சியில் ஒன்றுமில்லை.

அண்ணன் மேஜையைப் பார்த்தான். இரண்டு டம்ளர்களும் அப்படியே இருந்தன. ஏடு படிந்து, விளிம்பு வரை நிறைந்து. கீழே ஒரு சொட்டுச் சிந்தலில்லை.

மகளுக்கு அழுகையோடு கர்வமும் பொங்கியது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்து வந்தவர்கள் வாயைத் திறக்குமுன்பே, "விழல" என்று வாசலிலேயே சொன்னாள்.

அமரர் வண்டி வந்ததும் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டை அண்ணன் பிடித்தான். கால்மாட்டை அவள் யாருக்கும் விடவில்லை. நடைவழி திரும்பும் இடத்தில் மிதியடி வழுக்க, அண்ணன் தடுமாறினான். ஒரு கை தானாகப் போய்ச் சுவர்க் கம்பியை இறுகப் பற்றியது. ஸ்டிக்கர்கூட உரியாத கம்பி. அப்பா அசையவில்லை.

அவன் மூச்சு வாங்கி நிலைகொள்ளும் வரை அவள் பொறுத்திருந்தாள்.

"ரைட்," என்றாள்.

அண்ணன் கம்பியை விட்டான்.