கர்னலிடம் மிச்சமிருந்த ஐந்து கேப்புகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் கிடைத்தது. எங்கள் சுடுதளக் கிளப்பில் கர்னல் டெல்மர் பிரைஸ் தன் கோட்டுப் பையைத் தட்டும்போதெல்லாம் வரும் கிலுகிலு. பையில் தகர டப்பா, டப்பாவில் துப்பாக்கிக் கேப்பு. நாடு முழுக்கக் கேப்புக்குத் தட்டுப்பாடாக இருந்த வருஷம் அது.

சரி, தொடங்கிவிடுகிறேன்:

'ஒஹையோ நதியின் மேல் மூடுபனி வெண்பட்டுச் சேலையைப்போல'

(இதை இத்தோடு விட்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த நதிக்கரையில் குடியிருக்கிறேன். ஒருநாளும் அது சேலை கட்டி நான் பார்த்ததில்லை.)

2

கதையின் நாயகன் வெர்லின் ஹட்சல். வயது ஐம்பத்தாறு, பால் டாங்கர் லாரி ஓட்டுகிறவன். மார்ச் மாதம் ஒரு ரிவால்வர் வாங்கினான். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மாதிரியில் இத்தாலிக்காரர்கள் செய்து விற்பது. தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முதலில் கருமருந்து, அதன்மேல் ஈயக் குண்டு, அதன்மேல் கொஞ்சம் கொழுப்பு. கடைசியாகப் பின்பக்கக் குழாயில் ஒரு செம்புக் கேப்பு. தீபாவளிக்குச் சுத்தியலால் தட்டி வெடிப்போமே, அதற்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அறை இருந்தாலும் ஐந்தைத்தான் நிரப்புவார்கள். தவறி வெடிக்காமலிருக்க, அடிக்கிற சுத்தி காலி அறைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

துப்பாக்கி இரண்டே நாளில் தபாலில் வந்துவிட்டது. வெர்லின் அதைச் சுடுதளத்து மேசையில் வைத்து நிரப்பத் தொடங்கினான். அப்போது கர்னல் வந்து பக்கத்தில் நின்றார்.

(கர்னல் எந்தப் படையிலும் இருந்தவரல்ல. முப்பது வருஷம் தரைவிரிப்பு விற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்நாட்டுப் போர்க்காலத்து நீலக் கோட்டு போட்டுக்கொள்வார். பட்டத்தை வழங்கியவர், ஏற்றுக்கொண்டவர், பாராட்டிப் பேசியவர் எல்லாம் அவரே.)

நாற்பது நிமிஷம் சொற்பொழிவு. வெர்லின் 'ம், ம்' என்றபடி ஐந்து அறைகளையும் நிரப்பினான். பிறகுதான் கேப்பு வாங்கக் கிளப் கவுண்டருக்குப் போனான். கடைசி டப்பா அன்று காலையில்தான் விற்றுப்போயிருந்தது.

கர்னல் பையைத் தட்டினார். கிலுகிலு.

"முன்யோசனை வேணும் ஹட்சல். போர்ல ஜெயிச்சவன் எல்லாம் முன்யோசனைக்காரன்."

"முன்யோசனை இருக்கறவரு பேண்ட் ஜிப்பை இழுத்து மூடிட்டு வந்திருக்கலாம், கர்னல். அந்தப் போர்க்காலத்துல ஜிப்பு உண்டா?"

மேசைக்கு மேசை சிரிப்பு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

3

இப்போது சிக்கல். நிரப்பிய ரிவால்வரைச் சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். சுடக் கேப்பு வேண்டும். கேப்பு இல்லை. கேப்பு வைக்காத துப்பாக்கி காலித் துப்பாக்கிக்குச் சமம் என்கிறது கிளப் விதி. வெர்லினின் மகள் கெல்சி கிளப்பில் உறுப்பினரல்ல.

(விவரம் தெரிந்த வாசகர் கையைத் தூக்குகிறார்: பின்பக்கக் குழாய்களைக் கழற்றி எண்ணெய் விட்டு மருந்தைக் கெடுத்துவிட்டால் போதுமே? முயன்றான். திருகுசாவி வழுக்கி முதல் குழாயின் தலையே மழுங்கிவிட்டது. இடுக்கியை எடுத்தான். மனைவி நோரீன் இடுக்கியைப் பிடுங்கிக் கழுவுதொட்டிக்கடியில் ஒளித்து வைத்தாள். உட்காருங்கள்.)

எட்டு மாதம் அது பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. நவம்பரில் கெல்சியின் போன்.

"அப்பா, அது இன்னும் நெறச்சபடியேதான் இருக்கா?"

"பூட்டித்தான் வச்சிருக்கேன்."

"நான் கேட்டது பூட்டைப் பத்தி இல்ல. அது காலியாகாம குழந்தையைத் தூக்கிட்டு அந்த வீட்டு வாசப்படி ஏறமாட்டேன். தேங்க்ஸ்கிவிங் விருந்தும் வேணாம், வான்கோழியும் வேணாம்."

பேத்திக்கு நாலு மாதம். வெர்லின் இன்னும் அவளை மடியில் வைத்ததில்லை.

நோரீன் பாத்திரம் துடைத்தபடி சொன்னாள்: "அந்தக் கர்னல்கிட்ட போய்க் கேப்பு கேளு."

"அவன்கிட்டயா? செத்தாலும் மாட்டேன்."

"செத்தா குழந்தையைக் கொண்டுவருவா. அடக்கத்துக்கு. பரவாயில்லையா?"

4

வெர்லின் கர்னலின் வீட்டுக்குப் போனதை மூன்று விதமாக எழுதிக் கிழித்தேன். ஒன்றில் கர்னல் அவனை மண்டியிட வைத்தார். இன்னொன்றில் சல்யூட் கேட்டார். மூன்றாவதில் மறுபடியும் சொற்பொழிவு, இரண்டு பக்கத்துக்கு. எழுதும்போது எனக்குப் பரம சந்தோஷம். டம்பக்காரர்களைக் கண்டால் என் கையில் ஊசி, அவர்கள் பலூன்.

ஆனால் கதவைத் திறந்த மனிதர் பழைய ஸ்வெட்டரில் இருந்தார். வெர்லின் சொல்ல வந்ததைக் கொட்டிவிட்டான்.

"ஜிப்பு விஷயம் நான் பேசினது தப்பு, கர்னல். அஞ்சு கேப்பு வேணும். பேத்தி வரணும்."

கர்னல் கதவோரம் தொங்கிய கோட்டுப் பையில் கையை விட்டார். டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார்.

உள்ளே ஒரு கைப்பிடி ஆணி. தரைவிரிப்பை அடிக்கிற குட்டை ஆணி. அதன்மேல் ஐந்தே ஐந்து செம்புக் கேப்பு.

"ஏப்ரல்லயே தீந்துபோச்சு, இந்த அஞ்சைத் தவிர," என்றார் கர்னல். "சிரிக்கறதுன்னா சிரிச்சுக்க."

இந்த இடத்தில் நான் பேனாவோடு தயாராக இருந்தேன். வெர்லின் சிரிக்க மறுத்துவிட்டான். என் பாத்திரம் எனக்கு அடங்காமல் போனது அங்கேதான்.

"அஞ்சையும் குடுத்துட்டா உங்களுக்கு?"

"ஆணி இருக்கே. சத்தம் போதும்."

5

சுடுதளம். காலை. இருவர் மட்டும். துப்பாக்கியைக் கொண்டுவந்துவிட்டால் அது வெடித்தே தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். எனக்கும் அதே ஆசை.

வெர்லின் ஐந்து கேப்பையும் பொருத்தினான். குறி வைத்தான். எட்டு மாதக் கவலையை விரலால் இழுத்தான்.

பட்.

அவ்வளவுதான். புகையில்லை, உதைப்பில்லை.

"துப்பாக்கியைத் திருப்பாத! ஒரு நிமிஷம் அப்படியே நில்லு. சிலசமயம் தாமசமா வெடிக்கும்," என்றார் கர்னல்.

நின்றார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. இரண்டாவது: பட். மூன்றாவது: பட். நான்காவது: பட். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள்.

வெர்லின் மெல்லக் கேட்டான்: "கர்னல், அன்னிக்கு நான் மருந்து போட்டேனா?"

"நான் எங்க பார்த்தேன்? பேசிட்டுல்ல இருந்தேன்."

"நீங்க பேசினதுல நானும் பாக்கல."

எட்டு மாதம் ஒரு குடும்பத்தையே பயமுறுத்தியது வெறும் ஈய உருண்டை. வெர்லின் துப்பாக்கியைக் கீழே வைத்தான். மேசையில் சாய்ந்துகொண்டு சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை. கர்னலும் சிரித்தார். கிளப்பில் யாரும் அதுவரை கேட்டிராத சத்தம் அது. டப்பாச் சத்தத்தைவிட நன்றாக இருந்தது.

"அஞ்சாவதும் அப்படித்தான் இருக்கும். இந்த ஒரு கேப்பை நீங்களே வச்சுக்கங்க," என்றான் வெர்லின்.

"உன் பொண்ணு கேட்டா? 'இருக்கும்'னா சொல்வே? அடேய், சுடு."

6

ஐந்தாவது அறையில் மருந்து இருந்ததா? தெரியாது. நாற்பது நிமிஷச் சொற்பொழிவில் கர்னல் ஒருமுறை தும்மினார், அந்த இடைவெளியில் வெர்லின் ஓர் அறைக்கு மட்டும் ஒழுங்காக மருந்து போட்டிருக்கலாம். எனவே 'பட்' வேண்டுபவர்கள் 'பட்' வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக் கதைக்கென்று நேரம் ஒதுக்கி வந்தவர்கள் 'டமார்' வைத்து, வெள்ளைப் புகையும் விட்டுக்கொள்ளுங்கள். மருந்துச் செலவு உங்களுடையது.

எனக்கு அதற்கு அடுத்தது போதும். வெர்லின் போனை எடுக்கிறான்.

"அப்பா? என்னாச்சு?"

"காலி."

"நிஜமாவா?"

"ஒவ்வொண்ணா அஞ்சையும் பாத்துட்டேன். குழந்தையைத் தூக்கிட்டு வா."