அந்துருண்டைப் பெட்டி

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்திரண்டு வயது. ஒற்றை அறையில் தனியாக இருந்தான். அம்மா இறந்து ஏழு மாதம் கழித்து அக்கா ஒரு பெட்டியைப் பார்சலில் அனுப்பினாள். கடிதம் ஒன்றும் இல்லை. உள்ளே அம்மாவின் கம்பளிகள், இடையிடையே கைப்பிடி கைப்பிடியாக அந்துருண்டை. குளிர் கடுமையாக இருந்ததால் ஜன்னலை அடைத்துவிட்டு, மூக்கைத் துளைக்கும் அந்த வாசனையோடே போர்த்திக்கொண்டு படுத்தான்.

மூன்றாம் நாள் காலை சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனது. வேலைக்குப் போன இடத்தில் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். அந்தக் கட்டடத்துக் காவலாளிதான் அவன் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"வீட்ல புதுசா மருந்து, ரசாயனம் ஏதாவது?" என்று விசாரித்த டாக்டரம்மா, அந்துருண்டை என்றதும் நிமிர்ந்தார்.

"ஆக்சிஜனைச் சுமக்கிற சிவப்பணுவுக்கு அந்த ஆக்சிஜனாலயே சேதம் வரும், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி. அதைத் தடுக்க உள்ளே சில என்சைம்கள் ஓயாம வேலை செய்யுது. உங்களுக்கு அதுல ஒண்ணு பிறவியிலேயே கம்மி போலிருக்கு. சாதாரணமா சமாளிச்சிருக்கு. அந்துருண்டை ஆவி உள்ளே போனதும் தாங்காம அணுக்கள் உடைஞ்சிடுச்சு. இது அம்மா வழியா வர்றது. சொந்தத்துல யாருக்காவது இருக்கா?"

அவனுக்குத் தெரியவில்லை. கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, அக்காவை அழைத்தான்.

"என் பையனுக்கு இருக்குடா. பொறந்த வாரமே சொன்னாங்க. உன்னையும் டெஸ்ட் பண்ணச் சொல்றேன்னு அம்மா சொன்னாங்களே?"

அம்மா அழைத்தபோதெல்லாம் "வேலையில இருக்கேம்மா" என்று போனை வைத்தது நினைவுக்கு வந்தது. 

"அந்துருண்டை இவனுக்கு ஆகாதுன்னுதான் அந்தப் பெட்டியை உனக்கு..." அக்கா பாதியில் நிறுத்தினாள். பிறகு அவள் அழுவது கேட்டது.

"எனக்கும் இருக்குன்னு உனக்குத் தெரியாது இல்லக்கா," என்றான். அம்மாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்றுதான் அக்கா அந்தப் பெட்டியை அனுப்பினாள் என்று அவன் நினைத்திருந்தான்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். "கூட்டிட்டுப் போக யாரு வர்றாங்க?" என்று நர்ஸ் கேட்டாள். "வந்துட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தான்.

அக்கா தினமும் காலையில் அழைத்தாள். முதல் கேள்வி, "ஒண்ணுக்கு இன்னைக்கு என்ன கலர்?" பத்து நாளில் எல்லாம் சரியானது. அழைப்புகளும் நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே அழைத்தான்.

"என்னடா, மறுபடியுமா?" அக்கா பதறினாள்.

"இல்லக்கா. சும்மாதான்."