கியூர்ஸாவுக்கு மூச்சு

ஷெரோபாத் என்ற ஊருக்குத் தெற்கே உள்ள பாம்புப் பண்ணைக்கு அந்தக் கோடையில் பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். மஹ்லியோ, எர்கின். கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு. பாம்பின் உடலமைப்புத் தேர்வில் மஹ்லியோ ஒரு முறை தோற்றவள். எர்கின் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதித் தேறியவன்.

பண்ணை மருத்துவர் சனோபர் நாற்பதை நெருங்குகிறவர். அவரிடம் முட்டையிடுகிற பெண் கியூர்ஸா விரியன் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இந்த வருடமும் குஞ்சு பொரிக்காவிட்டால் பண்ணையைப் பூட்டிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாம்புக்கு இப்போது முட்டை சிக்கிக்கொண்டது. வயிறு புடைத்து, நாலைந்து நாளாக முக்கிக்கொண்டு கிடந்தது.

“அறுத்துத்தான் எடுக்கணும்” என்றார் சனோபர். “எர்கின், மயக்க ஊசிய நீ போடு. முன்பாதியில போடணும், ஞாபகமிருக்கா? நான் கை கழுவிட்டு வர்றேன்.”

பாம்பின் தலையைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓட்டி, மஹ்லியோ பிடித்துக்கொண்டாள். எர்கின் ஊசியோடு கிட்டே போனான். குழாய்க்குள் அந்த வாய் ஒரு முறை திறந்தது. அவன் கை தானாகப் பின்னால் நகர்ந்தது. வால் பக்கமாகக் குத்திவிட்டு விலகிக்கொண்டான்.

மயக்கம் வரவில்லை. சனோபர் வந்து பார்த்தார். “இன்னும் நெளியுதே. போட்டியா இல்லையா?”

“போட்டேங்கா.”

மஹ்லியோ எர்கினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவளும் வாய் திறக்கவில்லை. சனோபர் கழுத்துக்குச் சற்றுக் கீழே இன்னொரு ஊசி போட்டார்.

கொஞ்ச நேரத்தில் பாம்பு துவண்டது. அப்புறம் மூச்சும் நின்றது.

“மொத ஊசிய எங்க போட்ட?”

“வால் பக்கம்...” எர்கினின் குரல் உடைந்தது. “பயந்துட்டேங்கா.”

“அட பாவி! பின்பாதி ரத்தம் சிறுநீரகத்தச் சுத்திட்டுத்தானடா மேல வரும். மெதுவா வந்த மருந்தும் நான் போட்டதும் ஒண்ணாச் சேந்துடுச்சு.” அவர் பாம்பின் உடலைத் தடவிப் பார்த்தார். “பண்ணையும் போச்சு, இவளும் போனா!”

மின்சாரமும் நின்று, மின்விசிறி ஓய்ந்தது. வெளியே அனல் காற்று. சனோபர் பாம்பின் வாயைக் கம்பியால் திறந்தார். நாக்கின் உறைக்குப் பின்னால், வாயின் அடித்தரையிலேயே மூச்சுத்துளை தெரிந்தது. மெல்லிய குழாயை அதில் செருகி, மறுமுனையில் மாட்டிய சிறு ரப்பர் பந்தை மஹ்லியோவின் கையில் திணித்தார்.

“மெதுவா அமுக்கி ஊது. இதுக்கு ஒரே நுரையீரல். அதுலயும் பின்பாதி வெறும் பை, வெங்காயச் சருகு மாதிரி. அழுத்தி ஊதினா கிழிஞ்சிடும்.”

“எனக்கு வேணாங்கா. நான் இந்தப் பாடத்துல தோத்தவ.”

“இப்பவும் தோத்துட்டா ரெண்டு பேரும் ஊருக்குப் போய் ஆடு மேய்ப்போம். ஊது!”

அவள் ஊதினாள். பக்கவாட்டுச் செதில்கள் லேசாக விரிந்து அடங்கின. எப்படியும் மயக்க மருந்து உள்ளே இருக்கிறதே, இப்போதே அறுத்துவிடலாம் என்று சனோபர் முடிவெடுத்தார். வயிற்றுப் பட்டைச் செதில்களுக்கு மேலே, விலாவோரமாகக் கீறினார். முட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் சிக்கியிருந்த இரண்டு கல் மாதிரி காய்ந்திருந்தன. நல்லவற்றை எர்கின் ஈர மணலில் வைத்தான். திருப்பிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் கரிக்கோடு போட்டான். அவன் கண்ணீர் முட்டைமேல் விழுந்தது.

தைத்து முடித்தும் பாம்பு அசையவில்லை.

“இதயம் துடிக்குதுக்கா! பாருங்க, இந்தச் செதில் ஆடுது!” என்றான் எர்கின்.

“அத நம்பாத. பாம்பு செத்தப்புறமும் ரொம்ப நேரம் அது துடிக்கும்.”

“அப்ப எத நம்புறது?”

சனோபர் இடுக்கியால் நாக்கை வெளியே இழுத்து விட்டார். அது ஈர நூல் மாதிரி தொங்கியது. “உயிர் இருந்தா உள்ள இழுத்துக்கும்.”

நாக்கு தொங்கிக்கொண்டே இருந்தது. மஹ்லியோ ஊதிக்கொண்டே இருந்தாள். விரல்கள் மரத்துப்போயின. ஒரு கட்டத்தில் சனோபர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, “போதும்மா, விட்டுடு. பிணத்துக்கு ஊதுற” என்றார்.

“விட மாட்டேன். அவன் பின்னால குத்தினத நான் பாத்தேங்கா. பாத்துட்டும் சொல்லல.”

எர்கின் வந்து அவள் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டான். காலையில் எந்தத் தலைக்குப் பயந்தானோ அதே தலைக்குக் கிட்டே முகத்தை வைத்து ஊதினான். இருவரும் மாறி மாறி ஊதினார்கள்.

வெயில் சாயும் நேரம். எர்கின் முறை. “அக்கா...” என்றான், மூச்சுவிடாமல். நாக்கின் பிளந்த நுனி நடுங்கியது. மெல்ல, மிக மெல்ல, பாதி உள்ளே போனது. நின்றது. பிறகு முழுதும் போனது.

“கைய எடுறா முட்டாளே! கடிச்சிரப் போகுது!” என்று கத்திக்கொண்டே எழுந்தார் சனோபர். கத்தும்போதே அழுதுவிட்டார். மஹ்லியோ சிரிக்க முயன்றாள், வரவில்லை. தரையில் அப்படியே படுத்துக்கொண்டாள்.

பாம்பு பிழைத்தது. ஆனால் முட்டைக்குழாய் கிழிந்துபோனதால் இனி முட்டையிடாது. மணலில் வைத்தவற்றில் பாதி அழுகிவிட்டன. கோடை முடிவதற்குள் ஐந்து பொரிந்தன. பண்ணையைப் பூட்டுவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அவ்வளவுதான் கிடைத்தது.

நடந்ததை எர்கின் கல்லூரியில் தானே சொன்னான். அந்தப் பயிற்சி செல்லாது என்றார்கள். மறுகோடையில் அவன் மறுபடியும் ஷெரோபாதுக்கு வந்து இறங்கினான்.

“ஊசி போட வந்தியா?” என்று கேட்டார் சனோபர்.

“மொதல்ல கூண்டு கழுவுறேங்கா” என்றான்.