செல்லச்சாமி திறக்காத கதவு

செல்லச்சாமி பல் விளக்கிக்கொண்டே ஜன்னல் சீலையைக் கொஞ்சமாய் விலக்கிப் பார்த்தான். எதிர்வீட்டு மஹ்மூத் நானா தபால்காரரோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? ரெண்டு பேரும் என்னமோ பண்றாங்க!"

"சந்தேகமா இருந்தா நேரா போய்க் கேளுங்க. ஜன்னலோட குடும்பம் நடத்தாதீங்க," என்றாள் அவன் மனைவி அன்னலட்சுமி.

நாளை தேர்தல். அவளுக்கு வாக்காளர் அட்டை வந்து இரண்டு வாரமாகிறது. அவனுக்கு மட்டும் வரவில்லை. அவனுடைய அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தும் குடியுரிமை இல்லாமல், நாடற்றவள் என்ற பெயரோடு வாழ்ந்து, ஒரு தடவைகூட ஓட்டுப் போடாமல் செத்துப்போனவள். வாக்காளர் பட்டியலில் தன் பேரும் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று பயந்தான். போதாததற்குக் கையில் போன் வேறு. "நம்ம ஆளுங்க பேர வெட்டுறாங்களாம்" என்று யாரோ அனுப்பிய குரல் பதிவை ஒரு நாளில் பத்துத் தரம் கேட்டான். சோறு இறங்கவில்லை.

மஹ்மூத் நானா மரக்கறி லொறிக்காரர். போன வாரம் வேறு கட்சிக் கூட்டத்துக்குப் போய் வந்தவர். அவர்மேல் சந்தேகப்பட அது போதாதா நம்ம ஆளுக்கு? தான் வேலை பார்க்கும் கட்டுகஸ்தோட்டை இரும்புக் கடையில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே காவல் இருந்தான். தெரியாத நம்பர் அடித்தால் எடுப்பதில்லை. பகலில் அன்னலட்சுமி வேலைக்குப் போனபின் யாராவது கதவைத் தட்டினால் மூச்சுக்கூட விடுவதில்லை.

இன்று அவனால் தாங்க முடியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினான். அன்னலட்சுமி பின்னாலேயே ஓடினாள்.

"நானா, என் ஓட்டு அட்டைய நிப்பாட்டினது நீங்கதானே?"

மஹ்மூத் நானா வாசலில் நின்ற லொறிக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். செல்லச்சாமியின் பேர்தான் இருந்தது.

"புசல்லாவைக்கு மரக்கறி ஏத்தப் போனப்ப உங்கட மச்சான் வீரய்யா தந்தாரு. தோட்டத்து ஆபீஸ் போன்ல இருந்து கோல் எடுத்து எடுத்து அலுத்துட்டாராம். நானும் மூணு நாளா பகல்ல வந்து கதவத் தட்டினேன், ராவுல லொறியோட போயிருவேன். உள்ளுக்கு டீவி சத்தம் கேக்குது, கதவு தொறக்கல்ல."

"அது எப்பிடி தோட்டத்துக்குப் போச்சு?"

அன்னலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "இங்க பேரப் பதியக் குடுத்துட்டு, அப்புறம் 'பேர மாத்தினா தோட்டத்து வீடு, அந்த லயத்துக் காம்பரா, கைய விட்டுப் போயிரும், என் பேரு அங்கயே இருக்கட்டும்'னு எங்கண்ணன்கிட்ட சொன்னது யாரு? நீங்கதானே?"

செல்லச்சாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவமானத்தில் முகம் சுண்டிப்போனது.

"நீங்க கேட்டதுக்குக் கோவமில்ல செல்லச்சாமி," என்றார் மஹ்மூத் நானா. "பதினொரு வருஷம் எதிரெதிர் வீட்டுல இருந்துட்டு, மூணு நாளா கேக்காமலே இருந்தீங்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டம். உங்கட ஓட்டு அங்கதான். விடிய அஞ்சு மணிக்கு லொறி போகுது, வாங்க."

மறுநாள் லொறி புசல்லாவை ரோட்டில் ஏறும்போது போன் கிணுகிணுத்தது. இன்னொரு குரல் பதிவு. செல்லச்சாமி அதைக் கேட்காமலே அழித்தான்.

"யாரு?" என்றார் மஹ்மூத் நானா.

"யாரோ முகம் தெரியாத ஆளு, நானா. தேர்தல் வந்தா பயமும் வரத்தான் செய்யுது. அத உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டா, பக்கத்துல நிக்கிற நல்ல மனுசன்கூட எதிரியாத் தெரியுறான். இனிமே பயம் வந்துச்சுன்னா, மொதல்ல உங்க வீட்டுக் கதவத்தான் தட்டுவேன்."